ஒத்திகை அட்டை

கிதர் முகம்மதுவின் வலது கை புரோட்டாக் கல்லுக்கு மேலே இருந்தபோது அவருடைய பார்வை அணைந்தது.

மேலப்பாளையம் சந்தை முக்கில் அவர் கடை. மத்தியானக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கல்லின் வட்டம், மாவு உருண்டைகளின் வரிசை, எதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் உருவங்கள் எல்லாம் ஒருசேரப் போயின. விளக்கை அணைத்தால் இருட்டாவது தெரியும். இது இருட்டுகூட இல்லை. கை தடுமாறிக் கல்லில் படிந்தது. கல்லாவிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி ரஹ்மத் அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள்.

"என்னங்க ஆச்சு? மயக்கமா?"

"மயக்கமில்ல புள்ள. பெட்டி போயிட்டு."

பெட்டி என்று அவர் சொன்னது, திருநெல்வேலிக் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் இருந்த சர்வரை. பார்வை இழந்த நாற்பது பேருக்கு அந்த ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து, பின்மண்டைக்குள் நகக்கண் அளவில் ஒரு தகடு வைத்திருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியில் ஒரு சிறிய கேமரா இருந்தது. கேமரா பார்த்தது செல்போன் வழியாகப் பெட்டிக்குப் போகும். பெட்டி அதை அந்தந்த ஆளின் மூளைக்குப் புரியும்படி மாற்றித் தகட்டுக்குத் திருப்பி அனுப்பும். ஒருவர் மூளைக்குப் புரிவது இன்னொருவர் மூளைக்குப் புரியாது. அதனால் ஆளுக்கொரு மொழி. ஒரு மொழி படிய பெட்டியும் மனிதரும் சேர்ந்து மாதக்கணக்கில் பழக வேண்டும். அதற்குப் பிறகு கதவு தெரியும், படி தெரியும், எதிரே ஆள் வருவது தெரியும். முகம் தெரியாது. ஆனாலும் தடியை மூலையில் சாத்திவிட்டு, புரோட்டா வீசிப் பிழைக்க அது போதுமாக இருந்தது.

அதே நொடியில் ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஜெபசீலி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. இருபத்தாறு வயதில் பார்வை போன பின்பும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு பத்து வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தவள். பெட்டியில் கடைசியாகச் சேர்ந்த நாற்பதாவது ஆளும் அவள்தான். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தத்தை அவள் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் அறையிலிருந்து கருகல் வாடை வந்தது.

எல்லா அறைகளிலும் கரண்ட் திரும்பி வந்தது. மற்றச் சர்வர்கள் புதியவை, தனிப் பாதுகாப்பில் இருந்தவை. அவை தப்பித்தன. பெட்டி மட்டும் எரிந்துவிட்டது. தகடு வைத்த மூளை மருத்துவர் தமயந்தி அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை ஜெபசீலிக்குச் சொன்னார்.

"போர்டு கருப்பா இருக்கு. டிஸ்க் நாலும் உப்பிப் போயிருக்கு. அந்தப் பத்து அட்டையும் உருகி ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அட்டையுமா?"

"அட்டையும்தான்."

தகட்டுக்கான கணக்கைப் போடப் பெட்டிக்குள் சொருகியிருந்த அந்த மின்சுற்று அட்டைகள் கடையில் கிடைப்பவை அல்ல. பெட்டியைச் செய்த வெளிநாட்டு நிறுவனம் இந்த ஒரு வேலைக்கென்றே உருவாக்கியவை. அந்த நிறுவனம் திவாலாகி மூடப்பட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. மூடுகிற வாரத்தில் அவர்களுடைய பேக்கப் வசதியும் நின்றுபோகும் என்று அறிவிப்பு வந்தபோது, ஜெபசீலி முந்திக்கொண்டு மொத்தப் பெட்டியையும் அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தாள். மீதி இருந்தது அது மட்டும்தான்.

"எவ்வளவு நாள் இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

"பத்து நாள். அதுக்கு மேல சிக்னல் வரலைன்னா மூளை அந்த இடத்தை வேற வேலைக்கு எடுத்துக்கும். அப்புறம் பெட்டி வந்தாலும் முதல்ல இருந்துதான் பழகணும். வயசானவங்க சில பேருக்கு இன்னொரு தடவை வரவே வராது."

திவாலான நிறுவனத்தின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்திருந்த அதிகாரியின் பெயர் விஸ்வேஸ்வரன். சென்னையில் இருந்தார். தமயந்தி போனில் நடந்ததைச் சொன்னார். பேக்கப்பை ஆஸ்பத்திரியின் பெரிய சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக, அதாவது நிஜப் பெட்டி இல்லாமலே அதன் பாவனையாக, ஏற்றி ஓட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்," என்றார் விஸ்வேஸ்வரன். "ஆனா அந்த சாஃப்ட்வேருக்கு அந்த ஒரு மெஷின்ல மட்டும்தான் லைசென்ஸ். அதை வாங்கறதுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. இந்த நேரத்துல நீங்க காப்பி பண்ணி வேற எடத்துல ஓட்டினா, சட்டப்படி அது திருட்டு."

"அதே மாதிரி மெஷின் வாங்கிப் போட்டா?"

"போடலாமே. கம்பெனி சர்டிஃபை பண்ணணும்."

"கம்பெனிதான் இல்லையே சார்."

"அதான் மேடம் சிக்கல். கோர்ட்ல ஒரு மனு போடுங்க. அடுத்த மாசம் விசாரணைக்கு வரும்."

தமயந்தி போனை வைத்துவிட்டு ஜெபசீலியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? என்ன செய்யலாம்?"

"அவரு பேச ஆரம்பிச்சப்பவே டிஸ்க்கைச் சொருகிட்டேன் டாக்டர். பாதி ஏறிட்டு."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேஸ் வந்தா நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லிடு," என்றார்.

மறுநாள் காலையில், கையில் கட்டோடு கிதர் வந்து சேர்ந்தார். ரஹ்மத் கூட்டிவந்தாள். நாற்பது பேருக்கும் செய்தி சொல்கிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்.

"தங்கச்சி, எரிஞ்சுபோன பெட்டிக்குள்ள இருந்ததை எப்படி இன்னொரு பெட்டிக்குள்ள கொண்டாறது?"

ஜெபசீலி ஒரு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "பாய், உங்க கடை இடிஞ்சிட்டுன்னு வைங்க. ஆனா கடைக்குள்ள என்னென்ன எங்கெங்க இருந்துச்சோ அதெல்லாம் ஒண்ணுவிடாம எங்கிட்ட இருக்கு. அதை ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குள்ள கொண்டுபோய், தட்டி கட்டி, அதுக்குள்ள இறக்குதோம். உள்ள நிக்கிற மாஸ்டருக்கு இது தன் கடைன்னே தோணணும். வெளிய மண்டபம் இருக்கதே தெரியக்கூடாது."

"கை போற இடத்துல உப்பு டப்பா இல்லைன்னா மாஸ்டருக்குத் தெரிஞ்சிருமே."

"அதேதான் பாய். நேத்து அதுலதான் நின்னுட்டு."

முதல் தடவை ஓடவிட்டபோது மெஷின் பாதி எழுந்து, பிழை காட்டும் நீலத்திரையில் விழுந்தது. அந்த நிலையில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வேலை செய்யாது. தமயந்திதான் எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியையும் படித்தார். பழைய பெட்டியின் டிஸ்க்குகளை இணைத்திருந்த சாதனத்தை அது தேடியிருந்தது. அது இல்லை என்றதும் மேற்கொண்டு நகர மறுத்துவிட்டது. புதிய இடத்தில் டிஸ்க்கோடு பேசுவதற்கான டிரைவர் மென்பொருளை ஜெபசீலி பேக்கப்பின் பிரதிக்குள் நுழைத்து மறுபடி எழுப்பினாள். இந்த முறை எழுந்தது. ஆனால் யாரோடும் பேசவில்லை. பழைய நெட்வொர்க் கார்டு இன்னும் இருப்பதாகவே நினைத்துத் தன் முகவரியை அதற்கே ஒதுக்கி வைத்திருந்தது. இல்லாத கார்டை அழித்து, இருக்கிற கார்டுக்கு முகவரியைக் கொடுத்தாள். காதில் ஒலித்த இயந்திரக் குரல், இணைப்பு வந்துவிட்டது என்றபோது தமயந்தி மேசையைத் தட்டினார்.

அட்டைகளில் வந்துதான் எல்லாம் முட்டிக்கொண்டது. பார்வை மென்பொருள் எழுந்ததும் தன் பத்து அட்டைகளையும் கேட்டது. இல்லை என்றதும் மூடிக்கொண்டது. தட்டிகூட கட்டிவிடலாம், அடுப்பை எங்கிருந்து கொண்டுவருவது? இரண்டு நாள் அவள் அதனோடு மல்லுக்கட்டினாள். தமயந்தி நோயாளிகளுக்கு நடுவே வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். கிதர் தினமும் வந்தார். கேட்கமாட்டார், ரஹ்மத் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அவள் கையில் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபசீலி திடீரென்று சிரித்தாள்.

"என்ன தங்கச்சி?"

"பாய், இந்த மென்பொருளை எழுதினவங்க எங்கேயோ தூர தேசத்துல ஒரு ஆபீஸ்ல இருந்திருப்பாங்கள்லா. எல்லார் மேசையிலயும் அட்டை இருந்திருக்காது. விலை அப்படி. அட்டை இல்லாம எப்படிச் சரிபார்த்திருப்பாங்க?"

"எப்படி?"

"அட்டை மாதிரியே பதில் சொல்லுத ஒரு புரோகிராமை எழுதி வச்சிருக்காங்க. ஒத்திகைக்கு. வேலை முடிஞ்சதும் அழிக்க மறந்துட்டாங்க. மூணு அடுக்குக்குக் கீழே கிடக்கு. அதை எழுப்பிவிட்டா, அட்டை இருக்குன்னே மென்பொருள் நம்பிரும்."

கிதரும் சிரித்தார். பிறகு, "அப்ப நாளைக்குக் கண்ணு வந்துருமா? உனக்குத்தான் முதல்ல தெரியும், என்ன?" என்றார்.

"எனக்கு வராது பாய். பேக்கப் எடுத்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் நான் பெட்டியில சேர்ந்தேன். கையிருப்புல கடைசியா ஒரு தகடு கிடந்துச்சு, டாக்டர் அதை எனக்கு வச்சாங்க. இதுல முப்பத்தொன்பது பேருதான் இருக்கிய. என் பேரே இல்ல."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"படியில உக்காந்தப்பவே தெரியும்."

கிதர் எழுந்து வந்து, கட்டுப்போடாத கையால் துழாவி அவள் தலையில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் கூடத்தில் முப்பத்தொன்பது பேரும் குடும்பத்தோடு வந்து நிறைந்தார்கள். ஜெபசீலி கூடத்தின் ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். முதலில் கிதரை இணைத்தாள்.

"என்ன தெரியுது பாய்?"

"ஒண்ணுமில்ல."

கூடத்தில் எழுந்த முணுமுணுப்பு அடங்கியது. ஒரு குழந்தை அழுதது, அதையும் யாரோ அமர்த்தினார்கள். ஜெபசீலியின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. கிதரின் செல்போன் புதிய பெட்டியை நம்ப மறுத்திருந்தது. "அட, தேதி!" என்றாள் உரக்க. "ஏழு மாசத்துக்கு முந்தித் தூங்கின மெஷின். இன்னும் அதே நாள்னு நினைச்சுக்கிட்டு இருக்கு." தேதியைத் திருத்தினாள்.

கிதர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். கூடத்தின் குறுக்கே, யார் மீதும் இடிக்காமல், இரண்டு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய் ரஹ்மத்தின் எதிரே நின்றார்.

"பச்சைச் சேலையா கட்டியிருக்க?"

"நீலம்," என்றாள் ரஹ்மத் அழுதபடி.

"அப்ப சரிதான். எனக்கு எப்பவும் நீலம் பச்சையாத்தான் தெரியும். பழைய கண்ணேதான்!"

கூடம் வெடித்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசையாக இணைத்தாள் ஜெபசீலி. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி தன் விரல்களை விரித்து மடக்கி விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் நடைபாதையின் கடைசிவரை ஓடித் திரும்பி ஓடிவந்தான். யாரோ ரோஸ்மில்க் வாங்கிவந்து, பார்வை வந்தவர் வராதவர், நர்ஸ் வாட்ச்மேன் என்று பார்க்காமல் எல்லார் கையிலும் திணித்தார்கள். ஜெபசீலியின் கையிலும் ஒன்று வந்தது. காது நிறையச் சத்தம். அவள் நாற்காலியில் சாய்ந்து அதைக் குடித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் விஸ்வேஸ்வரன் வந்தார். தூத்துக்குடிவரை விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் வந்திருந்தார். கூட ஒரு உதவியாளர். அவர் கையில் அரக்கு, துணி, நூல், முத்திரை. யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த மெஷின் எங்க மேடம்? சீல் வைக்கணும். கோர்ட் உத்தரவு இருக்கு."

தமயந்தி அவரைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப்போய்க் கருகிய பெட்டியைக் காட்டினார். "இதுதான் நீங்க லைசென்ஸ் கொடுத்த மெஷின். தாராளமா சீல் வைங்க."

"இது இல்லைங்க. இப்ப ஓடறது."

"அது மெஷின் இல்லை சார். இந்தப் பெரிய சர்வருக்குள்ள ஓடுற ஒரு மெஷினோட பாவனை. இதே சர்வர்லதான் தீவிர சிகிச்சைப் பிரிவு ஓடுது, ஆக்சிஜன் கணக்கு ஓடுது. இதுக்கு அரக்கு வைக்கணும்னா ஆஸ்பத்திரிக்கே வைக்கணும்."

உதவியாளர் கையிலிருந்த அரக்கைப் பார்த்தார், பிறகு விஸ்வேஸ்வரனைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஒண்ணை மட்டும் நிறுத்துங்க," என்றார் விஸ்வேஸ்வரன். அவர் குரல் இறங்கியிருந்தது. கூடத்தின் சத்தம் அறைவரை கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெபசீலி வாசலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். துழாவி நாற்காலியைக் கண்டுபிடித்து, அதை மேசையிலிருந்து பின்னுக்கு இழுத்தாள். "உக்காருங்க சார். இதுதான் மவுஸ். திரையில நிறுத்துன்னு ஒரு பட்டன் இருக்கும். டாக்டர் காட்டுவாங்க. நாங்க யாரும் அமுக்க மாட்டோம். வேணும்னா நீங்க அமுக்குங்க."

விஸ்வேஸ்வரன் உட்காரவில்லை. வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கண்ணாடி போட்ட அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது? என்னைத் தெரியுதா?" என்று ஜெபசீலியிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியல சார். அந்த பேக்கப்ல நான் இல்ல."

"நீங்கதானே இதையெல்லாம்..."

"ஆமா."

விஸ்வேஸ்வரன் உதவியாளரிடமிருந்து அரக்கை வாங்கினார். கருகிய பெட்டிக்கு மட்டும் துணி சுற்றி, நூல் கட்டி, முறைப்படி முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், முத்திரையிடத்தக்க வேறு இயந்திரம் எதையும் தாம் அவ்விடத்தில் காணவில்லை என்று எழுதியிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

வழக்கு நடந்தது. மென்பொருளை யார் வாங்கினாலும் சரி, ஓடுகிற பார்வையை நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. அன்று சந்தை முக்கில் கிதர் கடையில் புரோட்டா இலவசம்.

தீர்ப்புக்கு முன்பே ஜெபசீலி தன்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். அவள் மூளை பழையதை மறந்துவிட்டிருந்தது. தன் பெயரை மென்பொருளில் பதிந்தபோது ஒத்திகை அட்டை அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. மற்றவர்களுக்கு அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கான விடை பேக்கப்பிலேயே இருந்தது. கேள்வி இதுதான்: இந்த நபருக்கு எத்தனை ஒளிப்புள்ளிகள்?

அவள் தமயந்தியை அழைத்தாள். "டாக்டர், நம்ம தகட்டுல எத்தனை முனை இருக்கு? முனைக்கு ஒரு புள்ளிதானே?"

"அறுநூறு. கம்பெனி கொடுத்த கையேட்டுல அப்படித்தான் போட்டிருந்துது."

"இது ஆறாயிரம் வரைக்கும் போடலாம்னு சொல்லுது."

தமயந்தி, இதற்கிடையில் இறந்துபோன ஒரு நோயாளியின் குடும்பம் திருப்பிக் கொடுத்திருந்த தகட்டை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். ஆறாயிரம் முனைகள் இருந்தன. அறுநூறுக்கு மேல் திறக்காமல் பூட்டி வைத்தது எரிந்துபோன பழைய அட்டைதான். மீதியை அடுத்த பதிப்பு என்று பின்னால் விற்பதாக இருந்திருப்பார்கள். அதற்குள் கம்பெனியே மூடிவிட்டது.

"நம்ம தலைக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டானுவளே!" என்றாள் ஜெபசீலி. ஆறாயிரம் என்று தட்டச்சினாள்.

அந்தப் பழக்கம் முதல் தடவையைவிடக் கடுமையாக இருந்தது. மண்டையைப் பிளக்கும் வலி. மாதக்கணக்கில் வெறும் புழுதி பறப்பதுபோல ஒளி, உருவமே இல்லாமல். விட்டுவிடலாம் என்று தமயந்தியே இரண்டு தடவை சொன்னார். அவள் விடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறி, சந்தை முக்கில் இறங்கி, கிதரின் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"வா தங்கச்சி! எத்தனை மாசமாச்சு!" என்றார் கிதர். அவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மாவை வீசிக்கொண்டே பேசத் தொடங்கினார். "பாரு, இந்த மாதிரி வீச்சு இந்த ஜில்லாவுலயே எவனுக்கும் வராது. மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்து கேக்கான். நான் போவலைன்னுட்டேன். என்ன இருந்தாலும் ரஹ்மத்துக்கு நான் இல்லாம..."

ஜெபசீலி குபீரென்று சிரித்தாள்.

"என்ன தங்கச்சி சிரிக்க?"

"ஒண்ணுமில்ல பாய். அவிய கல்லாவுல இருந்து உங்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுதாவ."

மாவு அந்தரத்திலிருந்து கல்லில் விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு... மொகம் தெரியுதா?" என்றார் கிதர்.

"தெரியுது பாய்."

அவர் கல்லாப் பக்கம் திரும்பினார். கல்யாணத்துக்கு முன்பே பார்வை போன அவருக்கு அங்கே தெரிந்தது ஓர் உருவம், அதன் மேலே ஒரு வட்டம்.

"எத்தனை நாளா புள்ள இது நடக்கு?"

"நிக்காஹ் முடிஞ்ச மறுவாரத்துல இருந்து," என்றாள் ரஹ்மத். கடை முழுவதும் சிரித்தது. கிதர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் தோள்துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பழசை அழிச்சாத்தான் எனக்கும் மொகம் தெரியுமா?"

"பழசைப் பத்திரமா எடுத்து வச்சிருவேன் பாய். ஆனா உங்க மூளை அதை மறந்துரும். எட்டு மாசத்துக்கு ஒண்ணுமே தெரியாது. தலைவலி உயிரை வாங்கும். உங்க வயசுக்கு வராமலே போயிரவும் செய்யலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கிதர் அடுப்பை அணைத்தார். "யோசிச்சாச்சு. நாளைக்கு வாரேன், என்னை அழிச்சிரு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இப்ப என்ன செய்யுதா அவ?"

ஜெபசீலி கல்லாப் பக்கம் பார்த்தாள். ரஹ்மத்தின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அதை நான் சொல்ல மாட்டேன் பாய். நீங்களே பாத்துக்கிடுங்க."